சொற்பொழிவுக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிப்ரவரி பிறந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம், மெரினா வளாகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் வரிசைகட்டத் தொடங்கும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அந்த ஆண்டுக்குரிய கூட்டங்களை அதற்குள் நடத்திக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரம் துறைகளுக்கு. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், 28 தேசிய அறிவியல் நாள், மார்ச் 8 மகளிர் நாள் என்று நாட்காட்டியும் தன் பங்குக்குக் கூட்டம் போடச் சொல்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், அதை ஒட்டி ஐ.ஐ.டி., தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்று ஏதோ ஓர் அரங்கில் யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. அழைப்பிதழின் அடியில் 'அனைவரும் வருக' என்றுதான் போட்டிருக்கும்.

ஆனால் மூன்று தெரு தள்ளித் திருவல்லிக்கேணியில் குடியிருப்பவர் வருவதில்லை. "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி; மீதியில் வகுப்பை விட்டு அனுப்பப்பட்ட மாணவர்கள். ஒரு கல்வெட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அதன் சாரத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்து வைக்கிறார், கேட்க வேண்டிய ஊர் வெளியே நிற்கிறது. இது எனக்குப் பொறுக்காத விஷயம். பல்கலைக்கழகம் ஊர்ப் பணத்தில் நடக்கிறது, அங்கே பேசப்படுவது ஊருக்குச் சொந்தம். அந்த உரிமையோடு போகிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை எழுதிவைக்கிறேன். கூட்டம் நடத்துபவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

செய்ய வேண்டியவை

அழைப்பிதழை நிதானமாகப் படியுங்கள். அச்சடித்து அஞ்சலில் வருவது இப்போது குறைவு, வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. போன வருட அழைப்பிதழும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தேதியோடு கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இந்த ஆண்டு நாட்காட்டியோடு பொருந்தவில்லை என்றால் அது பழசு. அடுத்தது இடம். 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறக்கூடாது. நூற்றாண்டு விழா அரங்கம் சேப்பாக்கம் வளாகத்தில் இருக்கிறது, பவள விழா அரங்கம் மெரினா வளாகத்தில். இரண்டும் காமராசர் சாலைதான் என்றாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பங்குனி வெயிலில் நடப்பவர் வேர்த்து விறுவிறுத்துத்தான் போய்ச் சேருவார். இதே பல்கலைக்கழகத்துக்குக் கிண்டியிலும் தரமணியிலும்கூட வளாகங்கள் உண்டு. சேப்பாக்கம் மைதானத்தில் அன்றைக்குக் கிரிக்கெட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலில் வந்து சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

நிகழ்ச்சி நிரலையும் பார்க்கத் தெரிய வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் தாண்டித்தான் சிறப்புரை வரும். பத்தரைக்குக் கூட்டம் என்றால் சிறப்புரையாளர் மைக்கைப் பிடிக்கப் பதினொன்றேகால் ஆகலாம். பிற்பகல் பேருந்தைக் கணக்குப் போட்டு வருபவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யார் பெயரில் நடக்கிறது என்று பாருங்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒருவர் கொடுத்த முதல். அதை வங்கியில் போட்டு, முதலைத் தொடாமல், வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு. தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அப்படி ஓர் அறக்கட்டளை வைத்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, இறந்துபோன தம் மகள் கமலாவின் பெயரில் சொற்பொழிவு வரிசை ஒன்றை நிறுவினார். அந்த மேடையில்தான் 1926-இல் அரசியல் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, இந்தியக் குடிமகனின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றிப் பேசினார், பிறகு அது நூலாகவும் வந்தது. மகன் தாய்க்கு வைத்தது, தகப்பன் மகளுக்கு வைத்தது. நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இப்படி ஒருவருடைய துக்கமோ நன்றியோ இருக்கிறது. அறக்கட்டளை நிறுவியவரின் குடும்பத்தார் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் போய் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

வாயிலில் நிமிர்ந்து நில்லுங்கள். காவலர் நிறுத்துவார். "யாரைப் பாக்கணும் சார்?" என்பார். அது அவர் வேலை. "தமிழ் இலக்கியத் துறையில இன்னைக்குச் சொற்பொழிவுங்க" என்று சொல்லி, செல்பேசியில் அழைப்பிதழைக் காட்டினால் பெரும்பாலும் வழியும் சொல்லி அனுப்புவார். ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்; பதிவேட்டில் பெயர், ஊர், நேரம் எழுதச் சொல்லுவார்கள். ஐ.ஐ.டி. போன்ற வளாகங்களில் முன்பதிவு கேட்பதும் உண்டு, ஆகவே முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். அங்கே சர்தார் படேல் சாலை வாயிலிலிருந்து உள்ளே அரங்கம் வரை தூரம் அதிகம். வளாகப் பேருந்து வரும், காத்திருந்து ஏறிக்கொள்ளுங்கள்.

கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். தலைப்பைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம், பேச்சாளர் எழுதிய கட்டுரை ஒன்று கிடைத்தால் அது. இவ்வளவு போதும். இதனால் என்ன ஆகும் என்பதற்கு மெரினாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். கேட்டவர்களில் சந்திரசேகர் என்ற மாணவர் ஒருவர். சோமர்ஃபெல்ட் அணு அமைப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தை அவர் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார். பேச்சைக் கேட்டதோடு வீட்டுக்குப் போகாமல், மறுநாள் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த விடுதிக்கே போய்ப் பார்த்தார். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்றார். அவருக்குக் கிடைத்த பதில் இனிப்பானதாக இல்லை: அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழசாகிவிட்டது, குவாண்டம் இயங்கியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஆனால் சோமர்ஃபெல்ட் அதோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தாம் எழுதி அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை அந்த மாணவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அவற்றை வைத்துக்கொண்டு தாமாகவே புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்றார். அதைப் பயன்படுத்திக் காம்ப்டன் சிதறல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்த இயற்பியலாளர் ஃபவுலரின் மூலமாக அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே ஃபவுலரிடம் ஆராய்ச்சி செய்யக் கப்பல் ஏறினார். 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இவர்தான்.

இதில் சோமர்ஃபெல்ட் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பது பெரிதல்ல. கேட்டவர் படித்துவிட்டு வந்திருந்தார், பேச்சு முடிந்த பிறகு பின்தொடர்ந்து போனார். பழசாகிப்போன புத்தகத்தைப் படித்திருந்தாலும்கூட அந்தப் படிப்புதான் விடுதிக் கதவைத் தட்டும் துணிவைக் கொடுத்தது.

நடுவில் உட்காருங்கள். முதல் இரண்டு வரிசை விருந்தினர்களுக்கு. கடைசி மூன்று வரிசை சீக்கிரம் புறப்பட வேண்டியவர்களுக்கு. பழைய அரங்குகளில் மின்விசிறிச் சத்தமும் எதிரொலியும் சேர்ந்து பின்வரிசையில் பாதிப் பேச்சை விழுங்கிவிடும்.

கேள்வியை எழுதிவைத்துக் கேளுங்கள். மெரினா வளாகத்தில் கல்வெட்டு பற்றிய ஒரு கூட்டம். பேச்சு முடிந்ததும் முதலில் எழுந்த பெரியவர் தம் பணி அனுபவத்தில் தொடங்கி, ராஜராஜனைத் தொட்டு, இன்றைய இளைஞர்களின் போக்கு வரைக்கும் போனார். தலைவர் இரண்டு முறை மணியைத் தட்டிவிட்டு, "ஐயா, கேள்வி என்னங்க?" என்று கெஞ்சுகிற நிலை. அவர் உட்கார்ந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார், முதுகலை முதலாண்டு இருக்கும். அழைப்பிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்துப் படித்தார். "ஐயா, நீங்க காட்டின ரெண்டாவது படத்துல ஊர்ப் பேரு சிதைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. அப்ப அது அந்த ஊர்தான்னு எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?" அவ்வளவுதான். பேச்சாளரின் முகமே மாறிவிட்டது. மேடையிலிருந்து இறங்கி வந்து, மடிக்கணினியில் அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொல்லி, எழுத்து எழுத்தாகக் காட்டத் தொடங்கினார். எல்லை சொல்லும் வரிகளில் வரும் ஏரியின் பெயர், பக்கத்து ஊரின் பெயர், இன்றும் அங்கே வழங்கும் வயல் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. நாங்கள் எல்லாரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். சிறப்புரையில் கிடைக்காதது அந்தக் கால் மணி நேரத்தில் கிடைத்தது.

கேள்வி இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கட்டும். 'எப்படித் தெரிந்தது?', 'வேறு விதமாகவும் சொல்லலாமா?', 'இதற்கு எதிரான சான்று உண்டா?' என்ற மூன்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் நல்ல கேள்வியாக இருக்கும்.

தமிழில் கேளுங்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்திருந்தாலும் பரவாயில்லை. பேச்சாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மேடையில் இருக்கும் யாராவது ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லுவார். ஆங்கிலத்தில் தடுமாறிப் பாதிக் கேள்வி கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். முதலில் ஒருவர் தமிழில் கேட்டுவிட்டால் அடுத்து நான்கு கைகள் உயரும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், இருங்கள். நன்றியுரைக்குப் பிறகு தேநீர் வரும். அந்தக் கூட்டத்தில்தான் காரியம் நடக்கும். 1914-இன் தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடர் சொற்பொழிவு நிகழ்த்த வந்தார். அப்போது அதே பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் இருந்தார் கணித மேதை ராமானுஜன். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகு ராமானுஜன் தம் குறிப்பேட்டையே எடுத்துப்போய் நிதானமாகப் பார்க்கும்படி நெவிலிடம் கொடுத்துவிட்டார். கடல் கடக்கத் தயங்கியிருந்தவர் கேம்பிரிட்ஜுக்குப் போகச் சம்மதித்ததில் நெவிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். வகுப்புக்கும் கரும்பலகைக்கும் வெளியே நடந்த பேச்சு அது. 1929-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் சென்னை வந்தபோதும், அவரைக் கடற்கரைப் பக்கம் சுற்றிக்காட்டும் பொறுப்பு மாணவர் சந்திரசேகரிடம்தான் இருந்தது. அன்றைக்குக் கிடைத்த உரையாடல் எந்த அரங்கிலும் கிடைத்திருக்காது.

பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஆனால் இடம் பார்த்து. அறிவியல் நாளையொட்டி ஆய்வுக்கூடங்களைத் திறந்து காட்டும் நிகழ்ச்சிகள், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி வரும் சென்னை வாரத்தின் மரபு நடைகள், பொங்கல் விழாக்கள் எல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றவை. சேப்பாக்கம் வளாகத்தில், கட்டடக் கலைஞர் சிசோமின் கைவண்ணமான செனட் மாளிகையின் மண்டபத்தை அண்ணாந்து பார்த்த பிள்ளை அதை மறக்காது. இரண்டு மணி நேர இலக்கணச் சொற்பொழிவில் அதே பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம்.

போவது சொற்பொழிவுக்கு அல்ல, வளாகத்தில் நடக்கும் இரத்ததான முகாமுக்கு என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ. ஆண்கள் முந்தைய தானத்திலிருந்து 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

தமிழ்த்தாய் வாழ்த்தின் நடுவில் கதவைத் திறந்துகொண்டு நுழையாதீர்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அரசு அறிவித்தபோது 55 வினாடிகளில் பாட வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. வெளியே அப்படியே நில்லுங்கள், முடிந்ததும் உள்ளே வாருங்கள்.

பத்துப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் போகாதீர்கள். கூட்டத்தின் அளவை வைத்துப் பேச்சை எடைபோடுகிற பழக்கம் நமக்கு அரசியல் மேடையிலிருந்து வந்தது. 1950-களின் இறுதியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டு மாடியிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 1960-இல் இந்தியா வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து அந்த மாணவர்களைப் பார்த்தார். பார்த்ததைப் பாராட்டிப் பேசினார், அது நேருவின் காதுக்கு எட்டியது. 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்தவர் அதே சந்திரசேகர். இன்று தரமணியில் அந்த நிறுவனத்தின் அரங்குகளில் பொதுமக்களுக்கான பேச்சுகள் நடக்கின்றன. அறிவியலைச் சபா மேடைக்கே கொண்டுபோன வேலையையும் அவர்கள் செய்திருக்கிறார்கள். ஆள் குறைந்த கூட்டத்தில் பேச்சாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார். அதைத் தவறவிடாதீர்கள்.

செல்பேசியை அதிர்வில் வைத்து மேசைமேல் வைக்காதீர்கள். அந்தக் கடகடவென்ற சத்தம் மணியோசையைவிட மோசம். அணைத்துவிடுங்கள்.

கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். பேச்சாளர் இன்னும் வெளியிடாத சான்றையும் படத்தையும் நம்மை நம்பித் திரையில் காட்டுகிறார். அதைப் படம் பிடித்து மாலைக்குள் முகநூலில் போட்டுவிட்டால், அவருடைய பல ஆண்டு உழைப்பு அவர் பெயரில்லாமல் ஊரைச் சுற்றும். "ஐயா, பதிவு செய்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் குறிப்பேட்டில் எழுதுங்கள். பேச்சின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அப்படி வெட்டப்பட்ட ஒரு துண்டினால் அடுத்த ஆண்டு அந்தப் பேச்சாளரை யாரும் கூப்பிடத் துணியமாட்டார்கள்.

"இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்காதீர்கள். அவைக்கு வணக்கம் சொல்லி, மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் கேள்வி நேரம் கரைந்துவிடுகிறது. உங்களுக்குப் பின்னால் கை தூக்கத் தயங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நேரம் அது.

மாறுபட்டால் ஆளைத் தொடாதீர்கள். பேச்சாளரின் சாதி, மதம், ஊர், அவர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அரங்கத்துக்கு வெளியே கிடக்கட்டும். சான்று தவறா, அதைச் சொல்லுங்கள். தமிழர் வரலாறு, கீழடி, சிந்துவெளி எழுத்து என்று வந்துவிட்டால் நமக்கு ரத்தம் சூடேறுகிறது, அது எனக்கும் உள்ளதுதான். ஆனால் கத்தி ஜெயித்த வாதம் எதுவும் வாசலைத் தாண்டி நிற்பதில்லை. பிடிக்காத கருத்து வரப்போகிறது என்பதற்காகக் கூட்டத்தையே நிறுத்தச் சொல்லி மனுக் கொடுப்பது இன்னும் பெரிய தீங்கு. பல்கலைக்கழகத்தில் பேச முடியாததை வேறெங்கே போய்ப் பேசுவது? போய் உட்கார்ந்து, முழுவதும் கேட்டு, முதல் ஆளாகக் கை தூக்குங்கள்.

உங்கள் கவிதைத் தொகுப்பை மேடையிலேயே பேச்சாளர் கையில் திணிக்காதீர்கள். அன்போடுதான் கொடுக்கிறீர்கள். அவர் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும், கையில் ஏற்கெனவே பொன்னாடையும் நினைவுப் பரிசும் இருக்கின்றன. முகவரி வாங்கிக்கொண்டு அஞ்சலில் அனுப்பினால் படிக்கப்படும் வாய்ப்பு அதிகம். தேநீர் நேரத்தில் செல்ஃபிக்கு வரிசை நிற்பதும் அப்படித்தான். ஐந்து பேர் படம் எடுத்து முடிப்பதற்குள், சந்தேகம் கேட்க வந்த மாணவி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

மான்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். ஐ.ஐ.டி. வளாகம் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியது. புள்ளிமானும் வெளிமானும் சாலையைக் கடக்கும், குரங்கு உங்கள் பையைப் பார்த்து வரும். பிஸ்கட் உறையை எறிந்துவிட்டு வராதீர்கள். பிளாஸ்டிக் தின்ற மான்கள் செத்திருக்கின்றன.

யூடியூபில் வரும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடம்பு முடியாதவர்களுக்கும் தூரத்து ஊர்க்காரர்களுக்கும் அது வரம்தான். பக்கத்தில் இருப்பவர் போக வேண்டும். கேள்வி நேரம் தொடங்குமுன் நேரலையை நிறுத்திவிடும் கூட்டங்கள் நிறைய.

நடத்துபவர்களுக்கு

வகுப்பை நிறுத்தி மாணவர்களை அனுப்பி அரங்கை நிரப்பாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வருகைப் பதிவுக்காகவும் சான்றிதழுக்காகவும் உட்கார்த்தப்பட்ட பிள்ளை, சொற்பொழிவு என்றாலே தண்டனை என்று கற்றுக்கொண்டு போகிறான். அவன் அதற்குப் பிறகு வாழ்நாளில் தானாக ஒரு கூட்டத்துக்கு வரமாட்டான். அறுபது பேர் விரும்பி வந்தால் போதும். அதற்கு முந்தின வாரமே பக்கத்துக் கல்லூரிகளுக்கும், கிளை நூலகங்களுக்கும், நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கும் செய்தி போக வேண்டும். முந்தின இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் போடுவது அழைப்பு ஆகாது.

வாழ்த்துரைகளைக் குறையுங்கள். ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் வாழ்த்தினால் ஐம்பது நிமிடம் போய்விடுகிறது, அதற்குப் பிறகு சிறப்புரையாளரிடம் "சுருக்கமா முடிச்சுக்குங்க" என்று துண்டுச் சீட்டு நீட்டப்படுகிறது. ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து வந்தவருக்கு அது அவமானம். பொன்னாடையைப் பேச்சு முடிந்த பிறகு போர்த்தலாம். வரவேற்பவரே தலைமை தாங்கலாம். பேச்சாளருக்கு ஒரு மணி, கேள்விக்கு அரை மணி என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டால் மேடையில் இருப்பவர்கள் அதற்குக் கட்டுப்படுவார்கள்.

பழைய கட்டடங்களில் படிக்கட்டுகள் அதிகம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முழங்கால் வலியோடு வரும் மூத்தவருக்கும் எந்த வாயிலில் சாய்தளம் உள்ளது என்று அழைப்பிதழில் ஒரு வரி போடுங்கள். மாலைக் கூட்டம் என்றால் பெண்கள் ரயில் நிலையம் வரை போகும் பாதையில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். வாயில் காவலரிடம் அன்றைய நிகழ்ச்சியின் தாள் ஒன்றைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பேச்சு எழுத்தாக வர வேண்டும். அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நூலாக வந்த பெரிய மரபு இங்கே இருந்தது. பல நல்ல நூல்கள் அப்படிப் பிறந்தவை. இப்போது நூலாக்கப் பணமில்லை என்றால், பேச்சாளரின் எழுத்துப் படியை வாங்கித் துறையின் இணையதளத்தில் ஏற்றுங்கள். கேள்வி நேரத்தில் வந்த கேள்விகளையும் பதில்களையும் கடைசியில் சேர்த்துப் போடுங்கள், கேட்டவர்களின் பெயரோடு.